இருபது டப்பாவுக்கு ஒன்று

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளாக, அந்தமானில் பல் விழுந்து பல் முளைத்து, இப்போது மறுபடியும் பல் விழுந்துகொண்டிருக்கிறவர்களுக்காக. சின்னவர்களிடம் சொன்னால், "ஒரு எஞ்சின் எண்ணெய்க்கு இவ்வளவு கதையா?" என்று கேட்பார்கள். என் பேரன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான். அவன் வண்டியில் பெட்ரோலை ஒரு பக்கம் ஊற்றினால் போதுமாம், எண்ணெயைப் பற்றிக் கவலையே இல்லையாம். நல்லது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் கடைசி. வண்டூருக்குத் தெற்கே, ரோடு போகாத ஒரு ஓடை முகத்தில் மரக் கேம்ப் ஒன்று இருந்தது. கான்டிராக்டர் மெட்ராஸ்காரர், ஆள்கள் எல்லா ஊர்க்காரர்களும். தகரக் கூரை போட்ட ஆறு குடிசைகள். வாசலில் கண்டல் காட்டுச் சேறு. தண்ணீர் ஏறியிருக்கும்போது படகு வாசல்வரை வரும். இறங்கிவிட்டால் முழங்கால் சேற்றில் நடந்துதான் படகைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துக் கால் முழுக்கத் தடிப்பு. நாங்கள் சொறிந்துகொண்டே வளர்ந்தவர்கள். சொறியாமல் நின்றால், "உடம்புக்கு என்னடி?" என்று அம்மா கேட்பாள்.

அப்பா அந்தக் கேம்பின் டிங்கி ஓட்டுகிறவர். அரிசி, மண்ணெண்ணெய், கடிதம், காய்ச்சல்காரர்கள் எல்லாம் அவர் படகில்தான் வண்டூருக்கும் கேம்புக்கும் போய்வர வேண்டும். படகின் பின்னால் மாட்டிய எஞ்சின், கான்டிராக்டர் எங்கோ பழசாக வாங்கியது. டூ-ஸ்ட்ரோக். அப்பாவுக்கு அது மூன்றாவது பெண் மாதிரி. வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் தூக்கி வந்து, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, சாக்குப் போட்டு மூடிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்புவார்.

"லாரிக்குச் சோறு தனி, குழம்பு தனி. எண்ணெய் அதோட வயித்துல கெடக்கும், பெட்ரோலோ டீசலோ வேற வழியாப் போகும். இதுக்கு வயிறு கெடையாது. குழம்பைச் சோத்தோட பெசஞ்சுதான் ஊட்டணும்" என்பார் அப்பா. எண்ணெய் குறைந்தால் சூடேறி உள்ளே இறுகிவிடும். கூடினால் புகை கக்கி, பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும். பெட்ரோல் இருபது பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. எண்ணெயும் கண்ட எண்ணெயாக இருக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்குக்கென்று ஒன்று வரும். நீலமாக, நீர்த்து இருக்கும். பெட்ரோலில் விட்டால் போன இடம் தெரியாமல் கரைந்துவிடும்.

பிசைகிற வேலை அக்காவுடையது. ஒரு காலி கண்டென்ஸ்டு மில்க் டப்பாவை அளவு டப்பாவாக வைத்திருந்தாள். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க அப்பா அதைச் சுத்தியலால் மடக்கிக் கொடுத்திருந்தார். தகர வாளியில் இருபது டப்பா பெட்ரோல், அதில் ஒரு டப்பா எண்ணெய், மூங்கில் குச்சியால் கலக்கி, துணி கட்டிய புனல் வழியே எஞ்சின் டாங்கியில். ஒன், டூ, த்ரீ என்று இங்கிலீஷில் சத்தமாக எண்ணுவாள். அப்பா எண்ணினால் நடுவில் யாரோடாவது பேசிவிடுவார், எண்ணிக்கை தப்பிவிடும். அக்கா தப்பவே மாட்டாள். போர்ட் பிளேரில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்துப் பாஸ் செய்த கணக்குப் புலி அவள். இன்றைக்கும் பெட்ரோல் வாசனை வந்தால், எனக்குக் காதில் கேட்பது அக்காவின் ட்வென்ட்டிதான்.

அந்த அக்காவுக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. நர்ஸ் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அந்தத் தேதிக்குள் மெட்ராஸ் போய்ச் சேர ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அடுத்த கப்பலுக்கு மூன்று வாரமோ நாலு வாரமோ, அது கப்பலுக்கே தெரியாது. உங்களுக்கும் நினைவிருக்கும். கப்பல் வருகிற நாளை நம்பி அன்று யாரும் கல்யாணத்துக்கு நாள் குறித்ததில்லை.

கேம்பே அக்காவைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அம்மா மட்டும், "வெள்ளை டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு ஆம்பளை வார்டுலயெல்லாம் நிக்கணுமாமே" என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே டிரங்குப் பெட்டிக்கு ரசப்பொடி இடித்தாள். கான்டிராக்டர் ஆபீஸ் கிளார்க்குக்கு அக்காவைக் கேட்டு ஏற்கெனவே ஆள் வந்திருந்தது. "மொதல்ல படிக்கட்டும்" என்று அப்பா திருப்பி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்து அப்பாவுக்கு அது பெரிய வார்த்தை.

இனி லாரி மாமாவைச் சொல்ல வேண்டும். வண்டூரில் மரம் ஏற்றுகிற லாரியின் டிரைவர் அவர். தெலுங்குக்காரர், தனிக்கட்டை. வீட்டில் தெலுங்கு பேச ஆளில்லாமல், ஹிந்தியும் தமிழும் கலந்த ஒரு பாஷையைத் தானே தயாரித்து வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அம்மா அவருடைய டிபன் கேரியரில் குழம்பு வைத்து அப்பாவிடம் கொடுத்தனுப்புவாள். அது ஒருநாளும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. கொய்யா, நாலு பிஸ்கட், ஒரு துண்டு வெல்லம், ஒன்றும் அகப்படாத நாளில் ஒரு பிடி பச்சைமிளகாய். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது அங்கே யாரிடமும் இல்லாத பழக்கம். வங்காளி வீட்டுக்குக் கிண்ணம் போனால் மீன் துண்டோடு வரும், ராஞ்சிக்காரர் வீட்டுக்குப் போனால் கீரையோடு வரும். சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் பாத்திரங்கள்தான் உறவு கொண்டாடின.

கப்பல் தாமதமான ஒரு சமயம் லாரிக்கு எண்ணெய் தட்டிப்போய், மாமா அப்பாவிடம் வந்து நின்றார். அப்பா தன் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் அரை டின் கொடுத்தார். லாரிக்கு அது ஒத்துவராது என்று இருவருக்கும் தெரியும், ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஊற்றிக்கொண்டார்கள். பிறகு கப்பல் வந்தது. மாமா அப்பாவின் டிங்கியிலேயே ஏறி, டின்னைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கேம்புக்கு வந்தார்.

"ஆதா குடுத்தீங்க பாயி, நான் பூரா குடுக்குது" என்று அம்மாவின் காலடியில் வைத்தார். அரை டின்னுக்கு முழு டின். "லாரிக்கு ஊத்துற அஸலி மால். மெஹங்கா எண்ணெய், வெலை ஜாஸ்தி. காலி டின், ஆதா டின் வாபஸ் பண்றது நம்ம ஆதத் நஹி, பழக்கம் இல்லை."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு அன்று அப்பளம் பொரித்தாள்.

அக்கா கப்பலேற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நீல எண்ணெய் தீர்ந்துபோயிற்று. புது டின்கள் போர்ட் பிளேர் கோடவுனில் வந்து இறங்கியிருந்தன, ஆனால் கேம்புக்கு இன்னும் வரவில்லை. கையில் இருந்தது மாமா கொடுத்த முழு டின் மட்டும்.

ஏற்பாடு இதுதான். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஏறியிருக்கும்போது டிங்கியில் கிளம்பினால், ஒன்றரை மணி நேரத்தில் வண்டூர். அங்கே மாமா லாரியோடு நிற்பார். லாரியில் போர்ட் பிளேர் ஜெட்டி. கப்பல் இரண்டு மணிக்கு. கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது பாருங்கள்! கப்பல் பார்க்க என்னையும் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். எனக்குப் பத்து வயது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை அக்கா டின்னைத் திறந்ததும் முகர்ந்தாள். குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். பொன் நிறத்தில் பாகு மாதிரி இழுத்தது.

"அப்பா, இது வேற எண்ணெயில்ல? பெட்ரோல்ல விட்டா அடியில போய் உக்காருது. கரைய மாட்டேங்குது."

அப்பா வந்து குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியாதா? எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தானே. ஆனால் அன்று அவர் பார்வை டின் மேல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. டிரங்குப் பெட்டி மேல் இருந்தது.

"பத்து டன் படாக் மரத்தை இழுக்குற எண்ணெய்டா ஆத்தா. நம்ம டிங்கியை இழுக்காதா? ஒரு நட தானே. நல்லாக் கலக்கு" என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "இன்னிக்கு மட்டும் ஒரு டப்பா கூட ஊத்து. காயாம ஓடட்டும்."

"இருபதுக்கு ரெண்டாப்பா?"

"ஊத்து ஆத்தா."

அக்கா ஊற்றினாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனார். நான் வாசலில் செம்பருத்தி பறிக்கப் போனேன், அக்காவின் தலைக்கு. திரும்பி வந்தபோது அக்கா புடவை மாற்ற உள்ளே போயிருந்தாள். வாளியும் டின்னும் டப்பாவும் திண்டில் இருந்தன, பக்கத்தில் யாரும் இல்லை.

இப்போது சொல்வதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. நான் டப்பாவில் எண்ணெயை மொண்டு ஒரு டப்பா வாளியில் ஊற்றி, குச்சியால் கலக்கிவிட்டேன். அப்பாவே கூட ஊற்றச் சொன்னார் என்றால், கூட ஊற்றினால் நல்லது என்றுதானே அர்த்தம்? அக்கா போய்ச் சேர வேண்டும் என்று செய்தேனா, கப்பலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று செய்தேனா, இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன்.

அப்பா வந்து வாளியைத் தூக்கிப்போய், புனல் வழியே எஞ்சின் டாங்கியில் ஊற்றினார். அம்மா எஞ்சின் தலையில் விபூதி பூசினாள். அக்கா கரும்பச்சைப் புடவையில் மடியில் காகித உறையோடு நடுப்பலகையில் உட்கார்ந்தாள். எஞ்சின் நாலாவது இழுப்பில் பிடித்தது. பிடித்ததும் அது விட்ட புகையில் கரையில் நின்ற அம்மாவைக் காணவில்லை. இருமிக்கொண்டே கையாட்டினேன். அம்மாவும் ஆட்டியிருப்பாள்.

ஓடை முகத்தைத் தாண்டிக் கடலில் திரும்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். எஞ்சினின் சத்தம் தொண்டை கட்டிய மாதிரி ஆயிற்று, இரண்டு முறை விக்கிற்று, நின்றது. அப்பா பிளக்கைக் கழற்றினார். கருப்பாக, ஈரமாக, களிம்பு பூசிய மாதிரி இருந்தது. துடைத்தார், உப்புக்காகிதம் போட்டார், தீக்குச்சி கொளுத்திச் சூடு காட்டினார், மாட்டினார். கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஓடிற்று. நூறு எண்ணுவதற்குள் நின்றது. மாற்றுப் பிளக் ஒன்று இருந்தது. அதுவும் அப்படியே ஆயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. அப்பா கயிற்றை இழுப்பார், சுற்றுவார், இழுப்பார். அக்கா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள், பிளக்கைச் சுரண்ட. அதோடு செம்பருத்தியும் விழுந்தது. வெயில் ஏறிற்று. தண்ணீர் இறங்க ஆரம்பித்து, படகைக் கடல் பக்கம் இழுத்தது. வண்டூர்க் கரையின் தென்னைகள் நன்றாகத் தெரிந்தன. கிட்டே இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. அதுதான் கொடுமை. தெரியாமல் இருந்திருந்தால் மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது.

தீப்பெட்டியில் கடைசிக் குச்சி அணைந்ததும் அப்பா துடுப்பை எடுத்தார். மற்றதை அக்கா எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலித்தாள். முந்தானையில் எண்ணெய்க் கறை கையகலம். நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காகித உறை நனையாமல் என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டப்பா, ஒரு டப்பா என்று உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்து மட்டும் என்ன ஆகியிருக்கும்? டாங்கியில் போனதைத் திரும்ப மொண்டு எடுக்கவா முடியும்?

வண்டூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. லாரி மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து படகை இழுத்தார். "க்யா ஹுவா பாயி? எஞ்சின் கராபா?"

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். "பிளக் போச்சு, டிரைவர்" என்றார். அவ்வளவுதான்.

மாமா அந்த லாரியை ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! குண்டும் குழியுமான ரோட்டில், எதிரில் வந்த மாட்டு வண்டிக்கெல்லாம் ஹிந்தியில் திட்டு, தனக்குத் தானே தெலுங்கில் பிரார்த்தனை. "மில் ஜாயேகா பேட்டி, கெடைச்சிடும் மகளே, கெடைச்சிடும்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைத் தாமதப்படுத்தியது தன் முழு டின் என்று தெரியாமலே அந்த மனுஷர் எங்களுக்காகப் பறந்தார்.

கப்பலை நான் பார்த்தேன். ஆசைப்பட்டபடியே முழுசாகப் பார்த்தேன். ஜெட்டியை விட்டு ஒரு தென்னை உயரம் விலகியிருந்தது. மேல் தட்டில் ஆள்கள் கையாட்டினார்கள். எங்களைப் பார்த்து இல்லை. நடுவில் இருந்த தண்ணீர் அகன்றுகொண்டே போயிற்று. அப்பா பெட்டியைக் கீழே வைக்காமல், தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மாமாதான் அழுதார்.

தந்தி கொடுத்தோம். இடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. தை மாதம் அக்காவுக்கும் கிளார்க்குக்கும் கல்யாணம். போர்ட் பிளேரில், ஷாதிபூரில் குடித்தனம். அத்தானைக் குறை சொல்ல மாட்டேன், நல்லவர். ஆனால் அக்கா முதல் மாதச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கியது ஒரு தெர்மாமீட்டர். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்த டம்ளரில் வைத்திருந்தாள். ஷாதிபூரில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். உதறிப் பார்த்து, டிகிரி சொல்லி, ஒரு தாளில் நேரம் போட்டு எழுதிக் கொடுப்பாள். அந்தத் தாளைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அம்மாவுக்குக் கோபம் முழுவதும் லாரி மாமா மேல். "வேண்டாத எண்ணெயைத் தலையில கட்டி எம் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தான்." அப்பா ஒரே ஒரு முறைதான் அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டிருக்கிறேன். "அவன் நல்ல மனசோட குடுத்தான். ஊத்துனது நானு. அவன்கிட்ட ஒரு வார்த்தை போகக் கூடாது."

அம்மா வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மாமாவின் டிபன் கேரியர் எங்கள் வீட்டில் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, வெறுமனே திருப்பி அனுப்பினாள். நான்தான் அப்பாவோடு போய் அவர் கையில் கொடுத்தேன். வாங்கியதுமே கனம் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தார். கடைசி அடுக்குவரை. பிறகு மூடி, என் தலையில் கை வைத்து, "அச்சா பேட்டி" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று தெரியாமலேயே கார் நிக்கோபார்ப் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே செத்தும் போனார்.

அப்பா அதன் பிறகு எதையும் கூடுதலாக ஊற்றியதில்லை. டீக்குச் சர்க்கரைகூட இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள மாட்டார். கடைசிப் படுக்கையில் நினைவு தப்பித் தப்பி வந்தபோது, "கை கூடிப்போச்சு ஆத்தா, எங் கை கூடிப்போச்சு" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஷாதிபூர் போயிருந்தேன். அக்காவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ ஒரு பையன் அரதப் பழசான ஸ்கூட்டர் ஒன்றை உதைத்துக் கிளப்பினான். நீலப் புகை ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடித்தது. நான் இருமினேன். அக்கா இருமவில்லை. பட்டாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நீ பூப் பறிக்கப் போனேல்ல. அப்ப நான் ஒரு டப்பா கூட ஊத்திட்டேன், புள்ள. அப்பா சொன்னதுக்கும் மேல. அன்னிக்கு ஒரு நா மட்டும் அது நிக்காம ஓடிறணும்னு. அப்பா சாகுறப்பக்கூடச் சொல்லாம இருந்துட்டேன்."

தோலை எந்தப் பக்கம் போட்டேன், பட்டாணியை எந்தப் பக்கம் போட்டேன் என்று தெரியவில்லை. கிட்டத்தட்ட அறுபது வருஷமாகத் திறக்காத வாய் திறந்தது.

"நீ சேலை மாத்தப் போனப்ப நானும் ஒண்ணு ஊத்துனேன்க்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையைத் தூக்கி விரல் மடக்கினாள், அந்த நாளில் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணியது போலவே.

"வழக்கமா ஒண்ணு. அப்பா ஒண்ணு. நான் ஒண்ணு. நீ ஒண்ணு." நாலு விரலையும் பார்த்தாள். "இருபதுக்கு நாலு. அப்ப அஞ்சுக்கு ஒண்ணு."

மடக்கிய விரலை விரிக்காமலே கேட்டாள்.

"எந்த எஞ்சினு புள்ள ஓடும்?"